நான்கில் ஒன்று

முதல் வண்டி இன்னும்
என் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.
எழுபத்தொன்பதில் உதைத்தேன். திருப்பி உதைத்தது.
டீகம்ப்ரஷன் நெம்புகோலை அரை நொடி முந்தி விட்டேன்,
அவ்வளவுதான் தப்பு.
எலும்பு கோணலாகக் கூடியது.
உயூனிக்குத் தெற்கே எங்கள் எட்டு ஊர்களில்
பனி விழுமா என்று என் காலைத்தான் கேட்பார்கள்.

ஒரே சிலிண்டர், நாலு வீச்சு:
உறிஞ்சும், நெருக்கும், வெடிக்கும், வெளியே தள்ளும்.
நான்கில் ஒன்றுதான் வேலை செய்கிறது
என்றான் தெயோதோரோ.
நம் வீடு மாதிரி, என்றேன்.

அடுத்ததற்குப் பின்னால் ஒற்றை ஸ்பிரிங், முன்னால் டிஸ்க்.
பள்ளங்களை மென்று விழுங்கிப் போகும்,
தடுப்பூசிப் பெட்டியில் ஒரு குப்பி உடையாது.
கார்புரேட்டர் மட்டும் கடற்கரைப் பிறவி.
நாலாயிரம் மீட்டரில் பெட்ரோல் புரையேறி இருமும்.
அதற்காகச் சின்ன ஜெட்டுகளை
ஃபிலிம் டப்பியில், கோக்கா இலைப் பையோடு வைத்திருந்தேன்.

ஒருநாள் கணவாயில் விரல் மரத்து
மிளகளவு பித்தளை சரளையில் விழுந்தது.
ஒரு மணி நேரம் மண்டியிட்டுத் தேடினேன்.
ஜெபிக்கிறேன் என்று நினைத்து
லாமா மேய்த்த பையன் தொப்பியைக் கழற்றினான்.
அன்று நாற்பது டோஸ் உறைந்து வீணாயின.

பழைய வண்டிதான் வண்டி என்று சொல்லும் ஆண்கள்
எல்லாருக்கும் கால் நேராக இருக்கிறது.

மூன்றாவது, காற்றைத் தானே அளந்துகொள்ளும்.
கட்டைவிரல் போதும்.
டப்பியைக் கழுவி உப்பு போட்டு வைத்தேன்.

போன ஜூனில், நாலாயிரத்து எழுநூறில், விடிகாலை
பொத்தானை அழுத்தினால்
டிக்.
மறுபடி டிக்.

என் கோணல் கால்
என்னைக் கேட்காமல் எழுந்து
வலப்பக்கம் காற்றில் எதையோ தேடியது.
அங்கே ஒன்றுமில்லை, வழுவழுப்பான அலுமினியம்.
முப்பத்தைந்து வருஷம் நான் பயந்த இடம்.

சிரித்தேன். குளிரில் பல் கூசியது.
பெட்டியை முதுகில் கட்டிச் சரிவுக்குத் தள்ளினேன்.
பேட்டரியில் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்.
இரண்டாம் கியர். நொண்டி ஓட்டம். ஏறி உட்கார்ந்து
கிளட்சை விட்டேன்.
பின்சக்கரம் உரசி இழுபட்டது,
உறிஞ்சியது, நெருக்கியது,

வெடித்தது.

மூன்று வண்டிக்கும் அதே தடதடப்புதான்.
கீழே ஊரில்
ஊசி வருகிறது என்று பிள்ளைகள்
கட்டிலுக்கடியில் நுழைந்திருப்பார்கள் இந்நேரம்,
தங்கள் அம்மாக்கள் நுழைந்த அதே இடத்தில்.