பீஸ் ரேட்

சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல்
எங்கள் லைன் வீட்டில் கறி வேகும் வாசம்.
ஆறு வீட்டில் ஐந்துக்குச் சம்பளக் கவர் வந்துவிட்டது.

ஆறாவது வீடு நான்.
ஒரு மடிக்கணினி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
ஆடும் காலுக்கு அடியில்
நாலாய் மடித்த பனியன் துணி சாம்பிள்.
ரைட்டர் என்று சொன்னதற்குப் பால்காரர் கேட்டார்:
'எந்த ஸ்டேசனுங்க?'

இந்த வாரம் எழுதியவை:
பச்சைக் குழந்தைக்கு உறுத்தாத உடுப்பு பற்றி நாற்பது வரி
('மென்மை' ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது).
கோயமுத்தூர் கம்பெனிக்கு மோட்டார் கையேடு:
கிணற்றில் இறக்குமுன் செய்யக்கூடாதவை பதினொன்று.
நான் கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி.
அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி
சென்னியப்பண்ணனின் அறுபதாம் கல்யாண மலர்.
மூன்று மணி நேரம் பேசினார், பதிவு இருக்கிறது.
அதில் இரண்டு மணி நேரம்
ஆயிரத்து நூறு அடி போயும் தண்ணி வராத கதை.
'அதையெல்லாம் எடுத்துருங் அம்மிணி,
வந்ததை மட்டும் போடுங்.'

வார்த்தைக்கு அறுபது பைசா.
'மற்றும்' என்கிற சொல்லை
அதனால்தான் மன்னித்து வைத்திருக்கிறேன்.
'வந்துகொண்டிருந்தான்', ஒரு சொல்.
வந்து. கொண்டு. இருந்தான்.
பிரித்தால் ஒரு ரூபாய் எண்பது.
இலக்கணம் ஒரு கையைப் பிடித்து இழுக்க
வாடகை மறு கையை இழுக்கும்.

இந்த வருசம் அதிகம் எழுதிய வாக்கியம்
'தங்கள் கனிவான கவனத்துக்கு மீண்டும் ஒருமுறை'.
அதற்கு ரேட் கிடையாது.

ஓட்டை விழுந்த பனியனுக்காவது காதர்பேட்டை இருக்கிறது,
குவித்துப் போட்டு எடைக்கு எடுப்பார்கள்.
வேண்டாம் என்று திரும்பி வந்த பத்தியை
எந்தத் தராசில் போடுவது?

பக்கத்து வீட்டு வசந்தாமணியக்கா
கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர்.
ஒருநாள் கேட்டார்:
'உங்களுக்கு எப்பங்க சனிக்கெழம?'
முப்பது நாளுக்கா, சில இடத்துல நாப்பத்தஞ்சு.
'ஏனுங், அதுவரைக்கும்
எழுதுனது கெட்டுப் போயிராதுங்களா?'

இன்றைக்கு வந்தார், கையில் கவரோடு.
வீட்டில் மிஷின் போட்டிருக்கிறாராம், போர்டு வேண்டுமாம்.
எழுதிக் கொடுத்தேன்:
இங்கு ஜாக்கெட், பாவாடை தைத்துத் தரப்படும்.

நூல் கட்டர் பிடிக்கிற விரலால் தடவித் தடவிப் படித்தார்.
'இங்குன்னு எதுக்குங்க? போர்டு இங்கதான தொங்கும்?'
வெட்டினேன்.
'தரப்படும்னா, யாரு தர்றது?'
நீங்கதானுங்க்கா.
'அப்ப தர்றேன்னு போடுங்.
பேரும் போடுங்.'

ஜாக்கெட், பாவாடை தைத்துத் தர்றேன். வசந்தாமணி.

விரல் விட்டு எண்ணினார். அஞ்சு வார்த்தை, மூணு ரூபா.
வேண்டாமென்றால் விடுகிற ஆள் இல்லை,
கவரிலிருந்து பத்து ரூபாய்த் தாள் நீட்டினார்,
மீதி ஏழுக்கு நின்றார்.
என்னிடம் சில்லறை இல்லை.
'சரி, அடுத்த சனிக்கெழம குடுங்'
என்று போய்விட்டார்.

பதினோரு மணி. கறிச்சட்டி கழுவும் சத்தமும் ஓய்ந்தது.
சென்னியப்பண்ணனின் கோப்பைத் திறக்கிறேன்.
ஐந்தாம் பக்கத்தில் நான் எழுதியது:
'பல மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறுகள் அமைக்கப்பட்டன.'

அடிக்கிறேன்.
பதிவை ஓடவிட்டு அவர் குரலில் எழுதுகிறேன்:
'ஆயிரத்து நூறு அடி போட்டேன்.
புழுதிதான் வந்தது.
அந்தத் தோட்டத்துக்காரர்
எனக்கு மோர் கொடுத்தார்.'

திங்கட்கிழமை அண்ணன் இதை அடித்துவிடுவார்.
அடிக்கட்டும்.
நாளை ஒரு நாள் இருக்கும்.