மரப்பாலத்தில் உடும்பு

பதினேழு வருடம் இந்த நிறுத்தத்தைத் தாண்டிப்
பேருந்து ஓட்டியிருக்கிறேன்.
மணி அடித்தால் நிற்பேன், கதவைத் திறப்பேன்.
யாரோ ஒருவர் இறங்கிப் போவார்,
அவருக்குப் பதிலாக ஒரு கொசு ஏறும்.
அந்தப் பக்கம் ஆறு இருப்பது
வாடையில் தெரியும். அவ்வளவுதான்.
இறங்கியதில்லை.

இடது காலைச் சர்க்கரை கொண்டுபோன பிறகுதான்
இறங்கினேன்.
சாய்பலகையை விரித்துப் போட்ட பையன்
நான் போட்ட அதே சீருடையில் இருந்தான்.
'அங்கிள், இங்கேயா?'
இங்கேதான்.

கிராஞ்சியில், கண்டல் மரங்களுக்குப் பின்னால்,
சேற்றில் ஊன்றி நிற்கும் மரவிடுதி.
அதற்கு இருபத்திரண்டு கால்கள்.
எண்ணிப் பார்த்தேன், கொஞ்சம் பொறாமையோடு.

வாசலில் பதிவேடு:
பெயர், நேரம், சிறப்புத் தேவை.
'சக்கர நாற்காலி' என்று எழுதினேன்.
எனக்கு மேலே ஒருவருக்குக் கொசு மருந்து தேவை.
அதற்கும் மேலே, பென்சிலில், அழுத்தி:
'என்னிடம் வணக்கம் சொல்ல வேண்டாம்.'
அது அட்னான். பன்னிரண்டு வயது.
நாங்கள் யாரும் சொல்வதில்லை.
அவன் சேற்றில் தத்தும் மீன்களை எண்ணுவான்;
பிசகினால், மறுபடி ஒன்றிலிருந்து.

சியூ லானுக்குப் பார்வை இல்லை.
மீன்கொத்தி எங்கே எங்கே என்று
நாங்கள் கழுத்தை நீட்டும்போதே
'போய்விட்டது' என்பார்.

மொக்லேசூர் இந்தப் பாலத்தைப் போட்டவர்களில் ஒருவர்.
இப்போது ஞாயிறுகளில் வருகிறார்,
இஸ்திரி போட்ட சட்டை, கையில் சானாச்சூர் பொட்டலம்.
பலகைகளுக்கு நடுவே எதற்கு இந்த இடுக்கு,
என் முன்சக்கரம் மாட்டுகிறதே என்றேன்.
மழை இறங்க வேண்டுமாம், இல்லாவிட்டால் மரம் உப்பிவிடுமாம்.
மறுவாரம் அளவுநாடாவோடு வந்து
மண்டியிட்டு, சக்கரத்தை அளந்தார்.
மேலிடத்துக்குக் கடிதம் எழுதினோம்.
கடிதம் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

போன ஞாயிறு, ஓதம் ஏறும் நேரம்,
பாலத்தின் நட்டநடுவில்
குறுக்கே படுத்திருந்தது ஓர் உடும்பு.
வால் ஒரு கைப்பிடிக்கு வெளியே,
தலை மறு கைப்பிடிக்கு வெளியே.
பின்னால் ஓடிவந்த இரண்டு பேர் நின்று
கைக்கடிகாரத்தை நிறுத்தினார்கள்.
யாரும் எனக்காக ஒதுங்கவில்லை,
தள்ளிவிடட்டுமா என்று கேட்கவில்லை.
நான் நின்ற இடத்தில் எல்லோரும் நின்றார்கள்.
இது நடந்து எத்தனை வருடமாயிற்று!

'என்ன?' என்றார் சியூ லான்.
'உடும்பு.'
'எந்தப் பக்கம் பார்க்கிறது?'
'ஜோகூர் பக்கம்.'
'அப்படியானால் அவசரமில்லை' என்றார்.
ஏன் என்று அவருக்குத்தான் வெளிச்சம்.

மொக்லேசூர் பொட்டலத்தைப் பிரித்தார்.
ஓட வந்தவர்களும் கை நீட்டினார்கள்.
அட்னான் குந்தி உட்கார்ந்து
அதன் தொண்டை உப்பி அடங்குவதை
உரக்க எண்ணினான்.

தொண்ணூற்றெட்டில்
அது எழுந்து, ஒரு காலை நீட்டி யோசித்து,
தொப்பென்று தண்ணீரில் விழுந்தது.

வழி திறந்துவிட்டது. அட்னான் எழவில்லை.
'இன்னும் இரண்டு' என்றான் ஆற்றிடம்.
ஆறு பேசாமல் ஏறிக்கொண்டிருந்தது.

ஓட வந்தவள் அவனைப் பார்த்தாள்,
எங்களைப் பார்த்தாள்,
தொண்டை தெரிய மூச்சை இழுத்து விட்டாள்.
தொண்ணூற்றொன்பது.
அவன் என் பக்கம் திரும்பினான்.
நானும் ஒன்று விட்டேன்.

'நூறு.'

பிரேக்கை எடுத்தேன்.