காற்றில்லாத பத்து மீட்டர்

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
சேர விரும்பும் காரணம்.
இரண்டு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள்.
விளையாட்டு என்று எழுதினேன்.
மிச்ச இடம் வெள்ளையாகவே கிடந்தது.

தங்கச்சிமடத்தில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்:
யாரைச் சுட?
ஐஸ் கம்பெனி முதலாளி
சம்பள நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.
கோயில் வாசலில் மெலானி டீச்சர் கேட்டாள்.
என் வீட்டுக்காரர் கேட்கவில்லை.
சோற்றில் குழம்பை ஊற்றியபடி
"என்னை இல்லையே?" என்றார்.

கொழுந்தன் இஞ்ஞாசி மட்டும் சிரிக்கவில்லை.
அவன் இடது தொடையில்
எடுக்காமல் விட்ட துண்டு ஒன்று இருக்கிறது.
வாடை திரும்பினால்
தெருவில் அவனுக்குத்தான் முதலில் தெரியும்.
"கனக்குமா மதினி?"
நாலரைக் கிலோ என்றேன்,
ஒரு நடுத்தரச் சீலா.
தலையாட்டிவிட்டு வலைக்குள் குனிந்தான்.

ஞாயிறு, முதல் பூசை முடிந்து பஸ்.
பாம்பன் பாலத்தில் கச்சான்
என் முடியை எடுத்து
பக்கத்து சீட்டுக்காரி வாயில் வைத்தது.
நாங்கள் காற்றைத் திட்டி வளர்ந்தவர்கள்.
வலை சிக்கினால் காற்று.
கொடியில் போட்ட சட்டை
அடுத்த தெருவில் கிடந்தால் காற்று.
அடுப்பு அணைந்தால், பஸ் தவறினால்,
என் மகன் கணக்கில் கோட்டை விட்டதற்குக்கூட
அன்றைக்கு அடித்த சோழகம்.

ராமநாதபுரத்தில் பழைய அரிசி ஆலைக் கொட்டகை.
உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள்.
பத்து மீட்டர் நீளத்துக்கு
ஒரு தூசிகூட அசையவில்லை.

சொல்லித்தருபவள் ஹஸ்னா, கீழக்கரைப் பெண்.
இருபத்திரண்டு வயது,
முக்காட்டுக்கு மேல் காதுமூடி.
என் இடது கண்ணுக்கு முன்னால்
வெள்ளை பிளாஸ்டிக் துண்டொன்றைத் தொங்கவிட்டாள்.
குண்டு மிளகளவு,
உடுக்கைபோல் இடை சிறுத்தது.
ஈயம்; டீ குடிக்குமுன் கை கழுவணும் என்றாள்.

"மூச்சை விடுங்கக்கா. பாதியில நிறுத்துங்க.
இழுக்காதீங்க, அழுத்துங்க.
அது வெடிக்கையில
உங்களுக்கே திடுக்குன்னு இருக்கணும்."

பதினெட்டு வருஷமாக ஐஸ் பார் எண்ணுகிறவள் நான்.
எனக்குத் தெரியாமல் என் கை
எதையும் செய்ததில்லை.

கறுப்பு வட்டம் வளையத்துக்குள் நிற்கவில்லை.
நெஞ்சு அடிக்க அடிக்க
ஏறி இறங்கியது,
நங்கூரம் பிடிக்காத வள்ளம்.

டப்.

வெடி என்றே சொல்ல முடியாது.
சோடா திறந்த சத்தம்.
என் தாளில் ஓட்டை இல்லை.
இரண்டாவதும் இல்லை.
மூன்றாவது எங்கே போனதென்று
யாரும் தேடவில்லை.
நான்காவது விழுந்தது
பக்கத்துத் தடத்தில்,
பரமக்குடிப் பையன் கவியரசின் தாளில்,
நட்ட நடுவில்.
பத்து.

ஹஸ்னா இரண்டு தடவை பார்த்தாள்.
"விதிப்படி உங்களுக்கு சைபர் அக்கா."
பையன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்தான்:
"அந்தத் தாளை நான் எடுத்துக்கவா மேடம்?
எங்கப்பாகிட்ட நான் சுட்டதுன்னு சொல்லிக்கிறேன்."

பழக்கதோஷம், கதவைப் பார்த்தேன்.
சாத்தித்தான் இருந்தது.
மேலே பார்த்தேன்.
மின்விசிறியும் நின்றிருந்தது.
ஒரு ஆளுமில்லை
பழி போட.

சாயங்காலம் இஞ்ஞாசி கேட்டான்,
"பட்டுச்சா?"
பட்டுச்சு. வேற ஆளு தாள்ல.
கையிலிருந்த நூலை
பல்லால் கடித்து அறுத்துவிட்டு
கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அப்ப அதுக்கு மார்க் கிடையாதா?"
கிடையாது.
"நல்ல விதிதான்" என்றான்,
தொடையைத் தேய்த்துக்கொண்டே.