காரணம் என்றொரு கட்டம்

இன்னும் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.
பாபுராவ் தெருவில், லாட்ஜ் வரவேற்பு மேசைமேல்
போன வருட காலண்டர் தாளைக் கவிழ்த்துப் போட்டு
கட்டம் வரைகிறோம், நானும் இம்தியாஸும்.
மின்விசிறி தாளைத் தூக்காதிருக்க
நூற்றுப் பதினொன்றின் சாவி.

அறை ஒரு கட்டம். ஆள் ஒரு கட்டம்.
இடையில் ஒரு கோடு.
ஓர் அறைக்கு எத்தனை ஆள் என்றான்.
"கதவுல ரெண்டுன்னு போட்டிருக்கும்,
உள்ள அஞ்சு பேரு இருப்பாங்க" என்றாள் ஜெசிந்தா,
யாருக்கோ வங்காளியில் வெந்நீர் நேரம் சொல்லிக்கொண்டே.
கோட்டின் நுனியைக் காக்கைக்காலாகப் பிரித்தேன்:
ஒன்றுக்குப் பல.

வந்த நாள் கட்டாயம்.
போகும் நாள்?
அதுவும் என்று இம்தியாஸ் நட்சத்திரம் போட்டான்.
அவள் சிரித்தாள்.
மால்டாவிலிருந்து மூன்று நாளுக்கென்று வந்தவர்
முப்பத்தெட்டாம் நாளாக மாடியில் பருப்பு வேகவைக்கிறார்.
"டாக்டருக்கே தெரியாத தேதி
உங்க பொட்டிக்கு எப்படித் தெரியும்?"
நட்சத்திரத்தை அழித்தோம். தாள் அங்கே கொஞ்சம் கிழிந்தது.
காலியாகவும் இருக்கலாம் என்று ஓரத்தில் எழுதினேன்.

பாலாற்றுப் பாலத்தில் வரும்போது நினைத்திருந்தேன்,
தண்ணீர் வருமுன்னரே கரை இரண்டும் இருக்கிறதே,
அட்டவணை என்பது அதுதானே என்று.
இப்போது அந்த உவமை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பிறகு கணக்கு. வாடகை, முன்பணம், பாக்கி.
அவளுடைய நீல நோட்டைப் புரட்டிய இம்தியாஸ்
சில பெயர்களுக்கு நேரே, பாக்கி இருக்குமிடத்தில்,
சும்மா ஒரு கோடு இழுத்திருப்பதைக் கண்டுபிடித்தான்.
தள்ளுபடியா? எத்தனை சதவீதம்? யார் அனுமதி?
காரணம் என்றொரு கட்டம் வைத்துவிடலாம்,
சொடுக்கினால் கீழே விரியும் பட்டியலாக.
நான்கைந்து தேர்வு போதும்.

ஜெசிந்தா சாவிகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.
"மூணு பேரா வருவாங்க.
ரெண்டு பேரா வந்து சாவி குடுப்பாங்க.
அன்னிக்கு நான் பாக்கி கேக்கறதில்ல.
அத்தப் போயி இன்னாத்துக்கு எழுதறது?"

வாசலில் ஓர் ஆட்டோ
காட்பாடி காட்பாடி என்றது.

இம்தியாஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.
அதை உருவி,
பாக்கிக் கட்டத்தின் விதியை நான் திருத்தினேன்:
பூஜ்யமாக்கலாம். மேசையில் யார் இருந்தாலும்.
கேள்வி எழாது.

முதலாளி கேட்டால்?
கேட்கட்டும். வடிவமைப்பே அப்படித்தான் என்போம்.

நாளை நிரல் தொடங்கலாம்.
நாளை மறுநாள்கூட.
நூற்றுப் பதினொன்றுக்கு ஆள் வந்தாயிற்று என்றாள்.
சாவியை எடுத்துக் கொடுத்தேன்.
தாள் எழும்பியது;
முழங்கையால் அழுத்திக்கொண்டேன்.