பதினான்காம் கேள்வி

மருத்துவக் கல்லூரி விண்ணப்பம், மூன்றாம் பக்கம்:
ஒழுக்காற்று நடவடிக்கைக்கு
எப்போதாவது உட்பட்டீரா?
ஆம் என்றால் விளக்குக, முந்நூறு சொற்களில்.

அப்பாவின் சத்திரசிகிச்சை என்று ஒரு தாள்,
பரீட்சை நெருக்கடி என்று இன்னொன்று.
இரண்டும் பொய்யில்லை,
காரணமுமில்லை.
பஸ் நிலைய வாங்கில் வைத்துவிட்டுத்
தேத்தண்ணீர் வாங்கித் திரும்பினால்
மான் ஒன்று இரண்டாவதைத் தின்றுகொண்டு நிற்கிறது.
விரட்டவில்லை.

சல்லியில் நாற்பது பேரின் நாடி பார்க்கவேண்டும்.
இருபத்தொன்பதோடு வெயில் ஏறிற்று.
மிச்சம் பதினொன்றையும்
விடுதி மின்விசிறிக்குக் கீழிருந்து எழுதினேன்,
ஒன்றுபோல் ஒன்று வராமல்
கவனமாக.

"இந்தத் திகதியில் கனகசூரியம்
கடலில் எல்லோ நின்றவர்?"
விசாரணையில் கேட்டவர்
குரலைக்கூட உயர்த்தவில்லை.
ஒரு வருடம் போயிற்று.

"ஓமா, இல்லையா அக்கா?
கரண்ட் நிற்கப் போகுது,"
தட்டச்சில் விரலை வைத்தபடி ரம்சீத்.

ஓம் என்று போடு தம்பி.

முந்நூறு சொல் தேவைப்படவில்லை.
எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தேன்.
கனகசூரியத்தின் நாடி எத்தனை என்று
இன்றைக்கும்
எனக்குத் தெரியாது.