அலமாரிக் கதவில் ஒரு கணக்கு

ரெஜினா,
மூன்று சென்ட்டில் இரண்டு போர்ஷன்,
விலை படிந்துவிடும் போலிருக்கிறது என்றாய்.
ஸ்பீடு போஸ்ட் வரிசை வாசல்வரை நின்றதால்
தலையை மட்டும் ஆட்டினேன்.
மீதியை இதில் எழுதுகிறேன்.

பங்குனியில் போய் வீடு பார்க்காதே.
பங்குனியில் எல்லாத் தெருவும் யோக்கியம்தான்.
ஐப்பசியில், ராத்திரி கொட்டிய மழைக்கு மறுநாள் காலை,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போ.
சிவதாபுரத்தில் எனக்கு விற்றவர்
மழை நின்றபிறகு வாங்க, சாவி ஊரில் இருக்கு என்றார்.
சாவிக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.
முதல் வருஷமே விளங்கியது,
முழங்கால் அளவுக்கு.

வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்பார்கள்.
மேலே ஏழாயிரம். கீழே ஆறாயிரத்து ஐந்நூறு.
தவணை இருபத்திரண்டாயிரத்து அறுநூறு.
நீ கவுன்ட்டரில் கணக்கு முடிக்கிறவள்,
கழித்துப் பார்.
இதில் ஆள் இல்லாத மாதம் வேறு இருக்கிறது.
பேங்க்குக்கு அந்த மாதம் தெரியாது.
மோட்டார் காயிலுக்கும் தெரியாது,
அது பாட்டுக்குக் கருகும்.

வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போடு.
இரண்டு போர்ஷனுக்கும் தனித்தனி மீட்டர் வாங்கு,
இல்லாவிட்டால் ஒரு ஃபிரிட்ஜுக்காக
இரண்டு குடும்பம் உன்னிடம் பேசாமல் போகும்.

அட்வான்ஸ்.
இதை மட்டும் இரண்டு முறை படி.
அது உன் பணம் இல்லை.
மேல்வீட்டு மாதேஸ்வரி கொடுத்த அறுபதாயிரத்தில்
பாத்ரூமுக்கு நீலப்பூ டைல்ஸ் போட்டேன்.
பதினான்காம் மாதம் அவள் வந்து
முப்பதாம் தேதி காலி பண்றோம்க்கா என்றாள்.
டைல்ஸைப் பெயர்த்தா கொடுக்க முடியும்?
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
தள்ளியதில் போனது பதினோராயிரம்.
அந்த நீலப்பூக்களை இன்றைக்கும்
எனக்கு நேராகப் பார்க்க முடியாது.

புரோக்கர் சீரங்கன் நல்ல மனுஷன்.
யாருக்கெல்லாம் வேண்டாம்னு
முன்னாடியே சொல்லிட்டா அலைச்சல் மிச்சம் என்றான்,
வெற்றிலையை மடித்துக்கொண்டே, சாதாரணமாக.
அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு கேட்டுக்கு வெளியே
நானும் என் வீட்டுக்காரரும் நின்றபோது
இதே மாதிரி யாரோ முன்னாடியே சொல்லியிருந்தார்கள்.
வாடகை கொடுக்காதவங்களுக்கு வேண்டாம் என்றேன்.
சிரித்தான்.
அந்த மாதம் ஒருத்தரையும் கூட்டி வரவில்லை.

பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தவள் நான்.
போன வீட்டிலெல்லாம் காலண்டருக்கு ஆணி அடித்தேன்.
இப்போது சுவரைத் தடவி ஆணி எண்ணுகிறேன்.
இந்த மாற்றம் எந்த நாளில் நடந்தது என்று
யோசித்தால் தெரியவில்லை.
உனக்கும் நடக்கும். கவனி.

ஒன்றை உன்னிடம் ஒளிக்க முடியாது.
குடிவரும்போது மாதேஸ்வரி கேட்டாள்,
மேட்டூர்த் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா?
நாலு நாள் என்றேன்.
நாக்கு கூசவில்லை.

அவர்கள் போனபின் பெருக்கப் போனேன்.
சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம்
சாக்பீஸில் தேதிகள்.
மூன்று, பன்னிரண்டு, இருபத்தொன்று.
அடுத்த மாதம் ஒன்று, பதினொன்று.
ஜவ்வரிசி மில்லில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து
குழாயடியில் விழித்திருந்த தேதிகள்.
என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.
பதினான்கு மாதக் கணக்கு, ஒரு நாள் விடாமல்,
நாலு நாளுக்கு ஒன்று என்று
எங்கேயும் இல்லை.

பெயிண்டர் வந்தான். வீடு முழுக்க அடித்தான்.
அந்தக் கதவை விட்டுவிடு என்றேன்.

இப்போது யார் பார்க்க வந்தாலும்
ஹாலைக் காட்டுவதற்கு முன்னால்
அதைத்தான் திறக்கிறேன்.
நாலு குடும்பம் வந்த வழியே போனது.
ஐந்தாவதாக ஒரு ஆட்டோ மெக்கானிக்,
விரலில் கிரீஸ் போகாத பையன்,
தேதிகளை மேலிருந்து கீழே படித்தான்.
டிரம் எங்க வைக்கலாம் என்றான்.

நீ பார்த்திருக்கும் வீட்டில்
தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, ரெஜினா?
விற்கிறவரிடம் கேட்காதே.
அலமாரியைத் திற.