தீர்மானப் புத்தகம், பக்கம் 41

வேலவன் வீதி குடியிருப்போர் சங்கக் கூட்டம்,
கரண்ட் போனதால் மொட்டைமாடியில்.
வந்தவர் பதினான்கு பேர். எழுதுவது நான்,
ஒரு கையில் செல்போன் வெளிச்சம்.

முதல் பொருள் சாக்கடை. ஒத்திவைத்தோம்.
இரண்டாவது,
மறதி நோய் கண்ட பாவாத்தாள் அம்மாள்,
வயது எழுபத்தொன்று, கதவு எண் ஒன்பது.

இந்த மாதம் மூன்றாவது தடவையாக
எட்டரை ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்
மங்கலம் ரோட்டு பனியன் கம்பெனி வாசலில்
நின்றிருக்கிறார், செக்கிங் டேபிளுக்கு நேரமாச்சென்று.
கம்பெனி மூடி ஆறு வருஷம்.
இப்போது அங்கே கல்யாண மண்டபம்.

கேட்டைப் பூட்டி வையுங்க என்றார் கிட்டுசாமி அண்ணன்.
கழுத்தில் போன் நம்பர் அட்டை என்றான் லோகு.
கேமரா வைக்கலாம், செலவைப் பங்கிட்டுக்கலாம்
என்றது மேல்வீட்டு அம்மணி.
மகன் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டை நுனியில் ஒரு நூல் பிரிந்திருந்தது,
அதை இழுத்துக்கொண்டே இருந்தார்.

படியில் செருப்புச் சத்தம்.
“கூட்டம்னா எனக்குச் சொல்ல மாட்டீங்களா?”
காலியாய்க் கிடந்த சேரில்
வந்து உட்கார்ந்தார் பாவாத்தாள் அம்மாள்.

ஆரம்பித்த வாக்கியத்தை நிறுத்தத் தெரியாமல்
லோகு முடித்தான்:
“...அந்தம்மா தொலைஞ்சு போயிட்டா யார் தேடறது?”

“ஏனுங்க, யாருங்க அந்தம்மா?
கேக்கவே பாவமாட்ட இருக்குது.
அட்டை மாட்ட அதென்ன சந்தைக்கு ஓட்டற கன்னுக்குட்டியா?
அவங்களக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அந்நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.
தெருவிளக்கில் எல்லார் முகமும் தெரிந்தது,
யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

கேக்கலீங்க என்றேன்.
நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?

“எனக்கென்ன.
காலைல நடக்கோணும், ஊட்டுக்குள்ளயே இருந்தா தலை கனக்குது.
நடுவுல உக்கார ஒரு எடம்.
வழி கேட்டா வையாத ஒரு ஆளு.”
கொஞ்ச நேரம் மூக்கைச் சுளித்தார்.
“சாக்கடை நாறுது. அத மொதல்ல பாருங்க.”

மூன்று தடவையும் அவரைக் கூட்டி வந்தது பிகாஷ்,
லைன்வீட்டு ஒடிசாப் பையன்.
இருபது தமிழ் வார்த்தை தெரியும்.
‘எங்க போறீங்க’ அதில் கிடையாது.
‘வாங்க’, ‘டீ’ உண்டு.
கூட்டத்துக்கு அவனை அழைக்கவில்லை,
வாடகைக்காரருக்கு ஓட்டில்லை என்பது சங்க விதி.

மளிகைக்கடை ராசு இறங்கும்போது
கடை முன்னால் பெஞ்சு ஒன்று போடுவதாக முணுமுணுத்தார்.
எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை.

தீர்மானம் என்ற கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.
வருகையைப் பதினைந்து என்று திருத்தினேன்.
கையெழுத்துக்கு அவர் போட்டது 1187,
கம்பெனி டோக்கன் நம்பர்.
பக்கத்தில் பேர் எழுதட்டுங்களா என்றேன்.
“எதுக்கு? அதான் எழுதிட்டனே.”

பதினாறாவது வரியை விட்டு வைத்திருக்கிறேன்.
பிகாஷுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்.